சோலைக்காட்டுக் குட்டை மூங்கிலும் அதன் மூன்று பெயர்களும்

உங்கள் கேள்வியை முதலில் எனக்குப் புரிந்த மாதிரி சொல்லிக்கொள்கிறேன். நீலகிரியில் சுமார் 2000 மீட்டர் உயரத்தில், ஒரு சோலைக்காட்டின் விளிம்பில், ஆள் உயரத்துக்கு அடர்ந்து நின்ற மெல்லிய மூங்கில் புதரைப் பார்த்திருக்கிறீர்கள். கூட வந்தவர் ‘மலைமூங்கில்’ என்று சொன்னார். வீட்டுக்கு வந்து தேடியபோது பழைய நூலில் அருண்டினேரியா வைட்டியானா, அதற்குப் பிந்தைய பட்டியலில் சினாருண்டினேரியா வைட்டியானா, இணையத்தில் குருனா வைட்டியானா என்று மூன்று பெயர்கள். எது சரி, இது உண்மையிலேயே மூங்கில்தானா அல்லது தடித்த நாணலா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு செடி அப்படியே நிற்க, அதன் பெயர் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது, யாரை நம்புவது? அதற்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் கல்லூரியில் தாவர வகைப்பாடு சொல்லிக்கொடுத்தவன். வருடா வருடம் மாணவர்களை மலைக்குக் கூட்டிப்போய், பறித்ததை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிப் பெயர் எழுதுவதுதான் என் தொழில். ஆகவே கண்ணுக்கும் கைலென்சுக்கும் தெரிகிறவற்றைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். டிஎன்ஏ ஆய்வு நான் செய்ததில்லை. அதில் வந்த முடிவுகளைப் படித்துப் பயன்படுத்துகிறவன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கமான பதில்: இது மூங்கில்தான், சந்தேகமே வேண்டாம். இன்றைய நிலையில் அந்தச் சிற்றினத்துக்குக் குருனா வைட்டியானா என்று எழுதுவதே முறை. நீங்கள் பார்த்தது அந்தச் சிற்றினம்தானா என்பது வேறு கேள்வி. நீங்கள் அனுப்பிய படத்தில் தழை மட்டும்தான் இருக்கிறது. இடமும் உயரமும் தோற்றமும் பொருந்துகின்றன, ஆனால் தழையை மட்டும் பார்த்து மலைமூங்கிலுக்குச் சிற்றினப் பெயர் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். என்னையும் நீங்கள் நம்பவேண்டாம்.

முதலில் நாணல் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மூங்கிலும் நாணலும் புல் குடும்பமான போயேசியைச் சேர்ந்தவை, அதுவரை சரி. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் பெரிய பிளவு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மூங்கில், நெல், கோதுமை ஆகியவற்றின் துணைக்குடும்பங்கள். மறுபக்கம் கரும்பு, சோளம், மக்காச்சோளம், ஆற்றோர நாணல் எல்லாம். அதாவது மூங்கிலுக்கு நாணலைவிட நெல்தான் நெருங்கிய சொந்தம். வகுப்பில் இதைச் சொல்லும்போது யாரும் சட்டென்று ஒப்புக்கொள்வதில்லை, ஏனென்றால் பார்வைக்கு நாணல்தான் மூங்கிலின் தம்பி மாதிரி இருக்கிறது. களத்தில் பிரித்தறிய எளிய வழி உண்டு. இலைப்பரப்பு தண்டைத் தழுவும் உறையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். நாணலில் அகலமான இலை அப்படியே உறையாகத் தொடரும். மூங்கிலில் இலையின் அடி சட்டென்று ஒடுங்கி, ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் காம்பு போல ஆகி, அப்புறம்தான் உறையில் சேரும். இதைப் பொய்க்காம்பு என்போம். காய்ந்த மூங்கில் இலை உதிரும்போது அந்த இடத்தில்தான் கழன்று விழும். அடுத்தது, மூங்கிலுக்கு இரண்டு வகை இலைகள் உண்டு. கிளைகளில் இருக்கும் பச்சைத் தழை ஒன்று. புதுக்குருத்தைப் பொட்டலம் கட்டியது போல மூடியிருக்கும் தண்டுறை இன்னொன்று. அதுவும் இலைதான், வேலை மட்டும் வேறு. நாணலில் இப்படி இரண்டு வகை கிடையாது.

மூங்கில் வளரும் விதமும் மற்ற மரஞ்செடிகளிலிருந்து அடியோடு வேறானது. மரம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும். மூங்கில் ஒருவித்திலைத் தாவரம், பட்டைக்கு அடியில் வளர்திசு வளையம் கிடையாது, எனவே பருக்கவே முடியாது. மண்ணைத் துளைத்து வெளியே வரும்போது குருத்து என்ன பருமனோ, அந்தத் தண்டுக்கு ஆயுள் முழுக்க அதே பருமன்தான். ஒவ்வொரு கணுவுக்கு மேலும் ஒரு வளரும் பகுதி இருப்பதால், மடித்து வைத்த தொலைநோக்கியை இழுத்து நீட்டுவது போலத் தண்டு நீளும். சில மாதங்களில் முழு உயரம். அதற்குப் பிறகு கிளை விடும், இலை விடும், உள்ளுக்குள் இறுகும், அவ்வளவுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘இது இளம் மூங்கில், இன்னும் சில வருடத்தில் பருத்துவிடும்’ என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பருக்காது. நீங்கள் பார்த்த விரல் பருமன் தண்டுகள் முழுமையாக வளர்ந்த தண்டுகள்தான். மலையில் மூங்கிலே குட்டையாகத்தான் இருக்கும்.

அடுத்து மண்ணுக்குள். மூங்கிலின் மட்டநிலத்தண்டு இரண்டு வகைப்படும். ஒன்று மேலே நிற்கும் தண்டைவிடத் தடித்து, வளைந்து, நுனியே மேல்நோக்கித் திரும்பித் தண்டாக மாறும் வகை. இதனால் கொத்துக் கொத்தாக வரும். சமவெளியில் நாம் பார்க்கும் முள்மூங்கில் இப்படித்தான். இன்னொன்று மெல்லியதாக, மண்ணுக்கடியில் நேராக ஓடிக்கொண்டே போய்ப் பக்க மொட்டுகளிலிருந்து தண்டு எழுப்பும் வகை. ஜப்பானிலும் சீனாவிலும் தோட்டத்தை மீறி ஓடும் மூங்கில்கள் இவை. குருனா முதல் வகை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு, என் மாணவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் மாட்டிக்கொள்வது இதில்தான். முதல் வகையிலேயே சில மலைமூங்கில்களுக்குத் தடித்த பகுதிக்கு முன்னால் ‘கழுத்து’ என்ற பகுதி நீண்டிருக்கும். அப்போது தண்டுகள் கொத்தாக இல்லாமல் தள்ளித் தள்ளி எழும். மேலிருந்து பார்த்தால் ஓடும் வகை என்றே தோன்றும். கழுத்தில் மொட்டும் இருக்காது, வேரும் இருக்காது. ஓடும் தண்டில் கணுவுக்குக் கணு இரண்டும் இருக்கும். இது தெரிய வேண்டுமென்றால் மண்ணைக் கிளற வேண்டும். அதனால் ‘பரவலாக நிற்கிறது, ஆகவே ஓடும் மூங்கில்’ என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூங்கிலின் அடையாள அட்டை என்று ஒன்று இருந்தால் அது தண்டுறைதான். பூவைவிட இது பயன்படும், ஏனென்றால் பூ எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது. ஒரு முறை மழை விட்ட காலையில் சோலை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மாணவிக்குத் தண்டுறையை உரித்துக் காட்டினேன். அந்த ஆண்டு எழுந்த குருத்து, முழங்கை உயரம். வெளிப்புறத்தில் பொன்னிற மயிர்கள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன மேட்டிலிருந்து முளைத்தது போல. லென்சில் பார்த்தால் கொசுக்கடி தடித்த தோல் மாதிரி இருந்தது. உரித்த எனக்கு விரல் நுனியெல்லாம் குத்தி அரைநாள் அரித்தது, அவள் குறிப்பேட்டில் ‘மயிர்கள் விறைப்பானவை, ஆசிரியர் சாட்சி’ என்று எழுதிக்கொண்டாள். உறையில் பார்க்க வேண்டியவை நான்கைந்து. உறையும் அதன் உச்சியில் இருக்கும் சிற்றிலைப்பரப்பும் சேரும் இடத்தில், உட்புறம், லிக்யூல் என்ற சவ்வு; அதன் விளிம்பு நேரா, மயிரா. இருபுறமும் காது மாதிரி மடல் இருக்கிறதா, அதில் நீண்ட ரோமங்கள் உண்டா. சிற்றிலைப்பரப்பு நிமிர்ந்திருக்கிறதா, பின்னால் மடங்கியிருக்கிறதா. உறை உதிர்ந்த பிறகு கணுவைச் சுற்றி அதன் அடிப்பகுதி வளையமாகத் தங்குகிறதா. இந்த விவரங்களைச் சேர்த்துத்தான் ஒரு மூங்கிலை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறோம். தழை எல்லா மூங்கிலிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், அதுவும் மேய்ச்சலுக்கு உள்ளானதா, நிழலில் வளர்ந்ததா என்பதைப் பொறுத்து அளவு மாறிவிடும்.

கிளைகளும் உதவும். மலைமூங்கிலில் ஒரு கணுவிலிருந்து பல மெல்லிய கிளைகள், ஏறக்குறைய ஒரே பருமனில், விசிறி போல எழும். சமவெளி முள்மூங்கிலில் ஒன்று தடித்து மற்றவை மெலிந்திருக்கும், கீழ்க்கிளைகள் முள்ளாக மாறியிருக்கும். சோலைக் குட்டை மூங்கிலில் முள்ளே கிடையாது. கையை உள்ளே விட்டுப் பார்த்தவர் யாருக்கும் இந்த வித்தியாசம் மறக்காது. இலையை வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் நரம்புகளுக்கு இடையே குறுக்கு நரம்புகள் தெளிவாகத் தெரிந்தால், கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாள் மாதிரி இருக்கும். குளிர்ப்பகுதி மூங்கில்களில் பெரும்பாலும் இந்தக் கட்டங்கள் தெளிவாகத் தெரியும். தோட்டக்காரர்கள் இதைக் குளிர் தாங்கும் அடையாளமாக வைத்துக்கொள்வதுண்டு. ஒரு துப்பாக இது நல்லதுதான், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பூ பூத்த கொத்து கிடைத்தால் அதிர்ஷ்டம். முள்மூங்கிலில் பூக்களைத் தாங்கும் சிறுகதிர்கள் காம்பில்லாமல் கணுவில் குவிந்திருக்கும். அவற்றின் அடியில் மொட்டுகள் மிஞ்சியிருப்பதால் குவியல் வளர்ந்துகொண்டே போகும். ஒரு பூவில் மகரந்தத்தாள் 6. அருண்டினேரியா, குருனா கூட்டத்தில் பூங்கொத்து நெற்கதிர் போலக் கிளைத்து, ஒவ்வொரு சிறுகதிரும் ஒரு காம்பில் தொங்கும். ஒரே தடவையில் விரிந்து முடிந்துபோகும், மகரந்தத்தாள் 3. நம் தென்மலைகளில் சற்றுக் குறைந்த உயரத்தில், ஓடையோரங்களில் ஓக்லாண்ட்ரா என்ற இன்னொரு மூங்கில் இருக்கிறது, மலையாளத்தில் ஈற்ற என்பார்கள். கூடை முடையவும் பாய் பின்னவும் உதவுவது அது. அதன் பூவில் மகரந்தத்தாள்கள் டஜன் கணக்கில் இருக்கும், கனியோ ஒரு சிறு காய் அளவுக்குப் பெரியது. ஆக, மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று மூங்கில்கள் பக்கத்துப் பக்கத்து மலைச்சரிவில் நின்றாலும், பூவைத் திறந்தால் 3, 6, அதற்கும் எங்கோ மேலே என்று மூன்று உலகங்கள்.

சரி, இப்போது பெயர் விவகாரம். வைட்டியானா என்பது ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயரிலிருந்து வந்தது. 1796இல் பிறந்து 1872இல் இறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மதராஸ் வந்து, வைத்தியத்தைவிடச் செடிகளோடு அதிகம் வாழ்ந்தவர். ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்களை வைத்துத் தென்னிந்தியத் தாவரங்களை வரையவைத்து அச்சிட்டார். அந்த ஓவியர்களின் பெயரை வைட்டே பதிவு செய்திருப்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். 1831இல் விடுப்பில் பிரிட்டனுக்குப் போனபோது பெரும் உலர்தாவரத் தொகுப்பைக் கப்பலில் கொண்டுபோய், பல நாட்டுத் தாவரவியலாளர்களுக்குப் பகிர்ந்துகொடுத்தார். நீஸ் ஃபான் எசன்பெக் என்ற ஜெர்மானியர் 1834இல் இந்த மூங்கிலுக்கு அருண்டினேரியா வைட்டியானா என்று பெயர் வைத்தார்.

அருண்டினேரியா என்ற பேரினம் அதற்கு முன்பே, 1803இல், மிஷோ என்ற பிரெஞ்சுக்காரர் ஏற்படுத்தியது. அவர் அதை ஏற்படுத்தியது இந்திய மூங்கிலுக்காக இல்லை. வட அமெரிக்காவின் தென்கிழக்கில், ஆற்றோரத் தாழ்நிலங்களில் வளரும் மூங்கிலுக்காக. பெயரின் வேரே லத்தீனில் நாணலைக் குறிக்கும் சொல்தான். உங்களுக்கு வந்த நாணல் குழப்பம் மிஷோ காலத்துக் குழப்பம், கவலைப்படாதீர்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்றால், முள் இல்லை, மெல்லிய தண்டு, காம்புள்ள சிறுகதிர், மகரந்தத்தாள் 3 என்று இருந்த மூங்கில் எல்லாம் உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் அருண்டினேரியாவுக்குள் போய் விழுந்தன. இமயமலை, ஆப்பிரிக்கா, இலங்கை, நீலகிரி எல்லாம் ஒரே பெட்டி. 1868இல் மன்ரோ என்ற ராணுவ அதிகாரி மூங்கில்கள் அனைத்தையும் தொகுத்து எழுதியபோதும், 1896இல் கேம்பிள் இந்திய மூங்கில்களைப் பெரிய நூலாக எழுதியபோதும் இந்தப் பெட்டி அப்படியே நீடித்தது. குறை சொல்ல முடியாது. கையில் இருந்தவை காய்ந்த தழைகளும் எப்போதோ பூத்த சில கொத்துகளும்தான். மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் சாதி. ஒரு தாவரவியலாளர் தன் ஆயுளில் பல சிற்றினங்களின் பூவைப் பார்க்காமலே போயிருக்கலாம். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று சேகரித்தவர்கள் பெரும்பாலும் தோண்டவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் பெட்டியை உடைக்கத் தொடங்கினார்கள். ஆசியாவின் கொத்தாக வளரும் மலைமூங்கிலும் அமெரிக்காவின் ஓடும் மூங்கிலும் ஒரே பேரினமாக இருக்க முடியாது என்பது மட்டநிலத்தண்டைப் பார்த்தவர்களுக்குத் தெளிவானது. 1935இல் நக்காய் என்ற ஜப்பானியர் சினாருண்டினேரியா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார், ‘சீன அருண்டினேரியா’ என்று பொருள். 1989இல் சாவோ, ரென்வாய்ஸ் இருவரும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அருண்டினேரியா என்று எழுதப்பட்டவற்றை மறுபரிசீலனை செய்தபோது, நம் மூங்கில் சினாருண்டினேரியா வைட்டியானா ஆனது. உங்களிடம் இருக்கும் இரண்டாவது பட்டியல் அந்த வழியில் வந்தது. இந்தப் பெயருக்கு ஒரு சட்டச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு பேரினத்தின் பெயரும் ஒரு மாதிரிச் சிற்றினத்தோடு கட்டப்பட்டிருக்கும், ஆணி அடித்து மாட்டியது போல. சினாருண்டினேரியாவின் மாதிரி ஒரு சீன மூங்கில். அந்த மூங்கில் ஃபார்கேசியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று ஏற்றுக்கொண்டால், ஃபார்கேசியா 1893இலேயே வந்துவிட்ட பெயர், மூத்தது. மூத்த பெயருக்குத்தான் உரிமை. ஆகவே சினாருண்டினேரியா என்ற பெயர் ஆணியோடு சேர்ந்து ஃபார்கேசியாவுக்குள் கரைந்துவிடுகிறது. நம் நீலகிரி மூங்கில் ஃபார்கேசியா இல்லை என்றால், அதற்கு வேறு வீடு தேட வேண்டும்.

அந்த வீடுதான் குருனா. இலங்கையைச் சேர்ந்த லக்ஷ்மி அத்திகல, ஹஷேந்திரா கத்ரியாராச்சி, அமெரிக்காவின் மூங்கில் நிபுணர் லின் கிளார்க் ஆகியோர் 2014இல் வெளியிட்ட பேரினம். அவர்கள் இலங்கை மலைமூங்கில்களையும் தென்னிந்திய உறவினர்களையும் எடுத்து, இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பான பசுங்கணிகத்தில் உள்ள டிஎன்ஏவின் பல பகுதிகளை ஒப்பிட்டார்கள். குளிர்ப்பகுதி மரமூங்கில்கள் மொத்தமும் அருண்டினேரியே என்ற ஒரே பிரிவு. 500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள், பெரும்பாலானவை சீனாவிலும் இமயமலைப் பக்கத்திலும். அந்தப் பிரிவுக்குள் அதுவரை 11 கிளைகள் எண்ணப்பட்டிருந்தன. இலங்கை, தென்னிந்திய மூங்கில்கள் எந்தக் கிளையிலும் சேராமல் தனியாக 12ஆவது கிளையாக நின்றன. இமயமலை மூங்கிலின் தெற்கத்தி மிச்சம் என்று நூறாண்டாக நினைத்தது தனி வம்சம் என்று ஆனது. பேரினத்துக்கு வைத்த பெயர் இலங்கை மலைகளில் அந்த மூங்கிலுக்கு ஊர்மக்கள் வழங்கும் பெயர்தான். ஓர் ஐரோப்பியக் கனவானின் பெயரை லத்தீனாக்காமல் ஊர்ப்பெயரையே எடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதே கதை நம் வரையாட்டுக்கும் நடந்திருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள். தோற்றத்தை வைத்து வரையாட்டை இமயமலைத் தார் என்ற காட்டு ஆட்டோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் டிஎன்ஏவைப் பார்த்தபோது அது செம்மறி இனத்துக்கு நெருக்கம் என்று தெரிந்து, நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் ஆனது. ஆனால் ஹைலோகிரியஸ் என்ற இரண்டாவது சொல் மாறவில்லை. இங்கேயும் வைட்டியானா மாறவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பேரினம் மாறினாலும் சிற்றினச் சொல் பழையதே தொடர வேண்டும் என்பது விதி, லத்தீன் இலக்கணத்துக்காக ஈறு மட்டும் சில சமயம் திரியும். ஆகவே பல நூல்களை ஒப்பிடும்போது இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சொல் ‘யாருக்குச் சொந்தம்’ என்ற கருத்து. அது வாதத்துக்கு உட்பட்டது. இரண்டாவது சொல் ‘எந்தச் செடி’ என்பது. அது 1834இல் பெயர் வைக்க ஆதாரமாக இருந்த உலர்ந்த மாதிரியோடு கட்டுண்டது. மூன்று பெயர்களில் ஒன்று சரி, இரண்டு பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றும் ஒரே செடியைத்தான் காட்டுகின்றன.

இதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எது இன்னும் ஆடுகிறது என்பதைப் பிரித்துச் சொல்வது நியாயம். இந்த மூங்கில் அமெரிக்க அருண்டினேரியா இல்லை என்பது உறுதி. குளிர்ப்பகுதி மரமூங்கில் பிரிவைச் சேர்ந்தது என்பதும் உறுதி. இலங்கை மலைமூங்கில்களுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு என்பதையும் ஏற்கலாம். குருனா அந்தப் பிரிவுக்குள் யாருக்கு அக்கா, யாருக்குத் தங்கை என்ற கேள்வியில்தான் நான் அழுத்திப் பேசமாட்டேன். காரணம், பசுங்கணிகம் தாய்வழியாக மட்டும் வருவது. அதன் டிஎன்ஏ பாதிக் குடும்பக் கதையைத்தான் சொல்லும். மரமூங்கில்களோ பழங்காலத்தில் வேறு வேறு முன்னோர் கலந்து, ஒன்றுக்கு மேற்பட்ட முழு மரபணுத் தொகுதிகள் ஒரே செடியில் தங்கிவிட்டதால் உண்டானவை. குளிர்ப்பகுதி மூங்கிலின் குரோமோசோம் எண்ணிக்கை 48, நான்கு மடங்குத் தொகுதி. கலப்பில் பிறந்த கூட்டத்தில் தாய்வழி மரமும் உட்கருவின் டிஎன்ஏ காட்டும் மரமும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மூங்கில்களில் பல இடங்களில் ஒத்துப்போகவும் இல்லை. அதனால் மேல்நிலைப் பிரிவுகளில் இன்னும் சீட்டைக் கலைத்துப் போடுவார்கள். அந்தக் கலைப்பில் பேரினப் பெயர் மறுபடியும் மாறினால் கோபப்படாதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டிருந்தீர்கள்: இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த கோண்டுவானா காலத்து மிச்சமா இந்த மூங்கில் என்று. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. இந்தியா மடகாஸ்கரிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. குளிர்ப்பகுதி மூங்கில்கள் கிளைபிரியத் தொடங்கியது அதற்கு வெகு பின்னால், ஒன்று ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்ற அளவில்தான் மதிப்பிடுகிறார்கள். அப்போது இந்தியா ஆசியாவோடு மோதி முடித்துவிட்டது. பிறகு எப்படி இமயமலை, நீலகிரி, இலங்கை, ஆப்பிரிக்க மலைகள் என்று தீவுத்தீவாக இவை நிற்கின்றன என்றால், குளிர்ந்த காலங்களில் தாழ்நிலம் வழியாகப் பரவி, வெப்பம் ஏறியபோது மலையுச்சிக்கு ஒதுங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம், விதை வெகுதூரம் போயிருக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு முதலாவது பொருத்தமாகப் படுகிறது. இது என் சாய்வு, நிரூபணம் இல்லை.

ஆப்பிரிக்கா என்றதும் ஒரு எச்சரிக்கை. ‘மலைமூங்கில்’ என்று தேடினால் கென்யா, எத்தியோப்பியா மலைகளில் காடு காடாக நிற்கும் பெரிய மூங்கில் வரும். அதுவும் முன்பு அருண்டினேரியாதான், இப்போது ஓல்டியானியா ஆல்பினா. தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் இன்னொன்று, பெர்க்பாம்போஸ் டெசெல்லேட்டா. அந்தப் பேரினப் பெயருக்கே மலைமூங்கில் என்றுதான் அர்த்தம். இவை இரண்டும் 2013இல்தான் தனிப் பேரினங்கள் ஆயின. ஓல்டியானியாவின் உயரத்தையும் பூக்கும் இடைவெளியையும் எடுத்து நம் சோலை மூங்கிலுக்கு எழுதிவைத்திருக்கும் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். நம்முடையது மூன்று நான்கு மீட்டர் புதர். அதுவோ மரம் போல உயர்வது. ஊர்ப்பெயர் மட்டும் வைத்துக்கொண்டு தகவல் திரட்டினால் இதுதான் நடக்கும்.

தமிழில் பழைய பெயர் உண்டா என்று கேட்டதற்கு: குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் உந்தூழ், வேரல் இரண்டும் வருகின்றன. உரையாசிரியர் முன்னதைப் பெருமூங்கில் என்றும் பின்னதைச் சிறுமூங்கில் என்றும் பிரிக்கிறார். மூங்கிலைப் பருமனால் இரண்டாகப் பார்த்த கண் அப்போதே இருந்திருக்கிறது. வேரல்தான் குருனா என்று சிலர் எழுதுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சிறுமூங்கில் என்றால் கல்மூங்கிலாகவும் இருக்கலாம், ஓக்லாண்ட்ராவாகவும் இருக்கலாம். பாட்டில் மகரந்தத்தாள் எண்ணிக்கை கொடுக்கவில்லை. வகைப்பாடு என்றதும் சட்டமும் நினைவுக்கு வருகிறது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டம் மூங்கிலை மரம் என்ற வரையறைக்குள் வைத்திருந்தது. 2017இல்தான் அந்த வரையறையிலிருந்து மூங்கிலை எடுத்தார்கள், வனத்துக்கு வெளியே வளர்ப்பவர்கள் வெட்டி விற்க வசதியாக. 90 ஆண்டு காலம் தாவரவியலார் புல் என்றார்கள், சட்டம் மரம் என்றது. வனத்துக்குள் நிற்கும் மூங்கிலுக்கு அந்தத் தளர்வு கிடையாது.

அதனால்தான் அடுத்த முறை போகும்போது தோண்டிப் பார்க்கச் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லும் இடம் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருந்தால் ஒரு இலையைக்கூடப் பறிக்க அனுமதி வேண்டும். படம் போதும், ஆனால் சரியான படம். கைவிரலை அளவுக்காகப் பக்கத்தில் வைத்து, அந்த ஆண்டு எழுந்த குருத்தின் உறையை வெளிப்புறம் முழுதாக ஒன்று எடுங்கள். உறையின் உச்சி, லிக்யூல் தெரியும்படி நெருக்கமாக ஒன்று. தண்டின் நடுப்பகுதியில் உறை உதிர்ந்த கணு ஒன்று, அதில் கிளைகள் எத்தனை என்று எண்ணக்கூடிய மாதிரி. வெயிலுக்கு எதிரே பிடித்த இலை ஒன்று, செடியிலிருந்தபடியே. தண்டுகள் மண்ணில் ஒட்டி ஒட்டி எழுகின்றனவா, தள்ளித் தள்ளியா என்று தெரியும்படி அடிப்பகுதி ஒன்று. பூ இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதையே இருபது படம் எடுங்கள், தேதியும் உயரமும் குறித்துக்கொள்ளுங்கள். உறை காய்ந்து கிழிந்துபோகும் முன் பார்க்க வேண்டும் என்றால் மழைக்காலத்துப் புதுக்குருத்துதான் தோது. அந்தப் படங்கள் வந்தால் வைட்டியானாவா, வேறு குருனாவா என்று பார்த்துச் சொல்கிறேன்.